கேமராவில் விழாத மூலை

ஹபீபுல்லாவின் கடையில் முதலில் களவு போனது குக்கர் வெயிட்தான். குக்கர் போகவில்லை, மூடி போகவில்லை. மூடியின் தலையில் உட்கார்ந்து ஆடுகிற அந்தச் சின்ன இரும்பு மட்டும். எவனாவது வாங்க வந்தவன் மாதிரி மூடியைத் தூக்கிப் பார்ப்பான், ரப்பரை அமுக்கிப் பார்ப்பான், நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போவான். அவனோடு வெயிட்டும் போயிருக்கும்.

ஹபீபுல்லா கத்துவார். அவர் மனைவி அக்தர் பானு சிரிப்பாள். மகள் பெயரைச் சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"போகட்டும் விடுங்க, ஷஃபானா அத்தா. எந்த வீட்டுலயோ விசில் வராம அரிசி வேகாமக் கெடந்திருக்கும்."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு நியாயம். குக்கரையே தூக்கிட்டுப் போனா, பாவம், அவன் வீட்டுல அடுப்பு மட்டும்தான் இருந்துச்சும்பே."

"இருக்கும். யார் கண்டா?"

இந்தப் பொம்பளையிடம் பேசி ஜெயிக்க முடியாது.

வெயிட்டுக்காக யாரும் கேமரா வைக்கமாட்டார்கள். ஹபீபுல்லாவும் அதற்காக வைக்கவில்லை. அவர் வைத்தது பானுவுக்காக. இப்போது அதை அவரிடம் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

ஆள் இளையான்குடி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வளர்ந்தபின் புனேக்கு ரயிலேறியவர். அங்கே கேம்ப் பகுதியில் மாமாவின் பைகள் விற்கும் கடையில் நின்று இந்தி பழகினார். கல்யாணமும் ஆகி, தனக்கென்று ஒரு கடை வேண்டும், ஊர் ஓரத்துக் கோந்த்வாவில் இடம் பார்த்திருக்கிறேன் என்று சொன்னபோது மாமா சிரித்தார். "கோந்த்வாவுலயா? அங்கிட்டு ஆள் யாருடா இருக்கா யாவாரம் பண்ண?" தொண்ணூறு வாக்கில் கோந்த்வா அப்படித்தான் இருந்தது. கல் குவியல், சோளக்காடு, பாதியில் நிற்கும் கட்டடங்கள். ஆனால் கட்டடம் எழும்பினால் ஆள் வரும். ஆள் வந்தால் வாளி வேண்டும், மக் வேண்டும், குக்கர் வேண்டும். வாழ்க்கையில் அவர் போட்ட கணக்குகளில் இந்த ஒன்று சரியாக வந்தது. கீழே கடை, மேலே வீடு. கூரையிலிருந்து வாளிகள் தொங்கும். நடுவில் ஒரு ஆள் நடக்க வழி இருக்கும், இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

பானு கைக்குழந்தை ஷஃபானாவோடு வந்து இறங்கியபோது தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. வாளி விற்றே மராத்தி கற்றுக்கொண்டாள். தலையில் முக்காடு. கல்லாவுக்குப் பின்னால், சுவர் மூலையில் ஒரு ஸ்டூல். சுவரில் சாய்ந்துகொண்டு வலது கையை நீட்டினால் கல்லாப்பெட்டி எட்டும். அதுதான் அவள் இடம். மதியத்தில் பின் சந்திலிருந்து சுமன் தாயி, மராத்திக்கார அக்கா, வந்து நின்று, மாமியார் செய்தது, நாத்தனார் செய்தது எல்லாம் கொட்டிவிட்டுப் போவாள். வாங்குவது ஒரு பிளாஸ்டிக் சீப்பாக இருக்கும்.

கடை வளர்ந்தது, ஹபீபுல்லாவின் இடுப்பு போனது. சரக்குப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி டிஸ்க் விலகிவிட்டது. மதியம் சாப்பிட்டதும் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பானுவுக்கும் உடம்பு அப்படியொன்றும் சரியில்லை. சர்க்கரை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கேட்டால் "கேஸு" என்பாள். அவள் கனம் தூக்கக்கூடாது என்பதற்காக ஸ்டூலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெல் ஸ்விட்ச் வைத்திருந்தார். அமுக்கினால் மேலே மணி அடிக்கும். ஹபீபுல்லா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று முனகியபடி இறங்கி வருவார். பல வருஷம் அப்படியே ஓடியது.

இரண்டாயிரத்து ஏழில், அதே வரிசையில் தையல் சாமான் விற்கும் கடையில், ஒரு பெண் மதியத்தில் தனியாக இருந்தாள். பைக்கில் வந்த இரண்டு பேர் நூல்கண்டு கேட்டார்கள். அவள் எடுக்கத் திரும்பிய நேரத்தில் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். சங்கிலியோடு சதையும் வந்தது. அவளிடம் பெல் இருந்திருந்தாலும் அமுக்க எங்கே நேரம்? அன்றோடு ஹபீபுல்லாவுக்கு மதியத் தூக்கம் போனது. உடம்பு மேலே படுத்திருக்கும், காது கீழே இருக்கும்.

"கேமரா வைக்கப் போறேன்" என்றார்.

மகள் ஷஃபானா அப்போது கல்லூரி முதல் வருஷம். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நின்று யோசிப்பாள். அவளைக் கூட்டிக்கொண்டு ஔந்த் வரைக்கும் போய் ஒரு பெரிய கடையில் விசாரித்தார். கண்ணாடிக் கதவு, குளிர் காற்று. இரவிலும் தெரியும் கேமரா, தலையை ஆட்டும் கேமரா, இன்டர்நெட்டில் ஓடும் கேமரா என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஹபீபுல்லா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இம்புட்டும் பேங்குக்கு. நம்ம கடையில வாளிதானே இருக்கு" என்று திரும்பிவிட்டார்.

பிறகு காட்கியிலிருந்து கோவிந்தராஜ் வந்தான். அப்பா காலத்திலேயே அங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கேமரா மாட்டுவது அவன் தொழில். பையைத் திறந்து கல்லா மேல் கடை பரப்பினான். உருண்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, கறுப்புக் குல்லா மாதிரி ஒன்று.

பானு அந்தக் குல்லாவைத்தான் கையில் எடுத்தாள். "இதுல என்னமோ சிவப்பு லைட்டு மினுக்குதே?"

"அது டம்மி அக்கா. உள்ள ஒண்ணும் கெடையாது. லைட்டு மட்டும் எரியும். திருடன் பாத்து பயந்துக்குவான்."

"அப்ப இதையே வைங்க, ஷஃபானா அத்தா. திருடனுக்குத் தெரியவா போகுது?"

"திருடன் பயப்படுறதுக்கு இல்லடி. நான் மேல இருந்து உன்னையப் பாக்கணும்."

"என்னையவா? கல்யாணமாகி இத்தனை வருஷமாப் பாக்காததையா இனிமே பாக்கப் போறீங்க?"

கோவிந்தராஜ் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

ஆனால் பானு விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் விஷயத்தைப் பிட்டு வைத்தாள். அவளுக்குப் படம் பிடிப்பது ஆகாது. இளையான்குடியில் அவர்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் பெண்கள் பக்கம் வீடியோக்காரன் வரக்கூடாது, திரை போட்டுவிடுவார்கள். அவளுடைய கல்யாணத்திலும் மாப்பிள்ளை மட்டும் போட்டோவில் தனியாக நிற்பார்.

"கடைக்கு வர்றவன் நேர்ல பாக்கறான், போயிடறான். அது வேற. பொட்டிக்குள்ள புடிச்சு வச்சு, வேணுங்கறப்ப போட்டுப் பாக்கறது வேற. ரிப்பேருக்கு வர்றவன் பாப்பான். நாளைக்கு ஒண்ணுன்னா போலீஸ்காரன் பாப்பான். எனக்குப் பிடிக்கல."

ஹபீபுல்லா வாயாடிதான், ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதற்குமேல் போகமாட்டார். "சரி, நீ படத்துல விழாம வைக்கச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் கோவிந்தராஜோடு அதுதான் பேச்சு. படம் பதிகிற பெட்டியில் நாலு கேமரா மாட்ட நாலு துளை. வாசலுக்கு ஒன்று, அலமாரி வரிசைக்கு ஒன்று, கல்லாவுக்கு ஒன்று. நாலாவதை அவன் மூலைக்கு என்று சொன்னான். வேண்டாம் என்றார். கல்லாவுக்கு அகல லென்ஸ் போட்டால் மூலையும் சேர்ந்து விழும் என்றான். அப்படியானால் குறுகல் லென்ஸ் போடு என்றார்.

"அத்தா, வைட் லென்ஸ் போடுங்க நா" என்றாள் ஷஃபானா. "முழுசா தெரியும். மத்லப்... அதாவது, அம்மாவும் தெரிவாங்க."

"அம்மா தெரியக்கூடாதுன்னுதான் போடுறோம்."

"பின்ன எதுக்கு கேமரா?"

"வர்ற பயலைப் பாக்குறதுக்கு. எவன் வந்தாலும் கல்லாவுக்கு முன்னாடிதானே நிப்பான்? கண்டதும் நான் இறங்கிருவேன்."

கோவிந்தராஜ் ஏணியில் நின்றபடி கேமராவின் கழுத்தைத் திருப்பினான். "இன்னா பாய், இந்த மூலை டெட்டு. ஒரு ஆள் குந்திக்கினு இருந்தாக்கூட டிவில தெரியாது."

"அதுதான்ப்பா வேணும்."

அடுத்து, மைக். ஒரு சின்ன மைக் வைத்தால் கீழே பேசுவது மேலே கேட்கும். இதற்குப் பானு வாய் திறக்குமுன் ஹபீபுல்லாவே கையை ஆட்டிவிட்டார். சுமன் தாயியின் நாத்தனார் கதையை அவர் ஏன் கேட்கவேண்டும்? அதற்கடுத்து, படம் ஓடுகிற வேகம். மேலே டிவியில் அப்போதைக்கு அப்போது பார்ப்பது சரியாகத்தான் ஓடும், ஆனால் பெட்டியில் பதிவதை வழவழவென்று ஓடவிட்டால் டிஸ்க் சீக்கிரம் நிரம்பிப் பழையது அழிந்துவிடும், விட்டு விட்டுப் பிடித்தால் ரொம்ப நாள் தாங்கும் என்றான். விட்டு விட்டே பிடி என்றார். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் வயர். கடைக்கும் மாடிக்கும் நடுவில் தளத்தில் ஒரே ஒரு குழாய். பெல்லின் வயர் அதற்குள் போகிறது. கேமரா வயர்கள் தடிமன், சேர்ந்து நுழைய மாட்டேன் என்றன.

"பெல்லு வயரை எடுத்துடவா பாய்? இல்ல, தளத்துல புதுசா ஓட்டை போட்டா அரை நாள் வேலை. தூசி வரும்."

தூசி என்றதும் ஹபீபுல்லா தொங்கும் பாத்திரங்களை அண்ணாந்து பார்த்தார். "எடுத்துரு. கேமரா இருக்கறப்ப பெல்லு எதுக்கு?"

வயர் போனது. ஸ்விட்ச் மட்டும் சுவரிலேயே நின்றது.

டிவியை அவர் படுக்கும் இடத்துக்குக் கால்மாட்டில் வைத்தார்கள். முதல் நாள் மதியம் படுத்துக்கொண்டு பார்த்தார். கல்லா தெரிந்தது, கல்லாவின் முன்பக்கம் தெரிந்தது, வருகிற போகிற ஆள் எல்லாம் மூக்கு முழியோடு தெரிந்தது. பானு தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, படத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் உள்ளே வந்தது. ரெண்டு வளையல். கவிழ்ந்த உள்ளங்கையை வெளிப்பக்கமாக உதறியது. போங்க, போய்த் தூங்குங்க.

ஹபீபுல்லா தனியாகப் படுத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார்.

அது அவர்களுக்குள் பழக்கமாகிவிட்டது. தினமும் அவர் படுத்திருப்பார் என்று தெரிந்த நேரத்துக்கு அந்தக் கை வரும், உதறும், போகும். அதன்பிறகுதான் அவர் கண்ணை மூடுவார். முகத்தைக் காட்டாதவள் கையை மட்டும் காட்டுகிறாளே என்று கேட்டதற்கு, "கையில என்ன இருக்கு? எல்லாப் பொம்பளை கையும் ஒண்ணுதான்" என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஒன்றரை வருஷம் ஒரு பயலும் பைக்கில் வரவில்லை. குக்கர் வெயிட் மட்டும் அப்பப்போ போனது.

அன்று சாப்பிடும்போது பானு பாதியில் கையைக் கழுவினாள். "நெஞ்சு கரிக்குது. கேஸு."

"கடையச் சாத்திருவோமா?"

"சாத்திட்டு? சுமன் தாயி ரப்பர் வாங்க வர்றேன்னு சொல்லியிருக்கா. நீங்க போய்ப் படுங்க."

அவர் போய்ப் படுத்தார். இடுப்பு தரையில் பட்டதுமே கண் சொருகியது. டிவியில் இடது ஓரத்திலிருந்து கை வந்தது, ஆடியது. "சரிடி, தூங்குறேன்" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்குச் சத்தத்தில் விழித்தார். டிவியில் ஒரு ஆள் கையில் வாளியோடு கல்லா முன்னால் நின்றான். அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான், வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். ஹபீபுல்லாவுக்கு ஆத்திரம் வந்தது. கடையைப் போட்டுவிட்டு இவள் எங்கே போனாள்? பின்பக்கம் தொழப் போயிருப்பாளோ? வரட்டும். எழுந்திருக்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை. வரட்டும் என்று படுத்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுமன் தாயி வந்தாள். வழக்கம்போல மூலையைப் பார்த்து வாயசைத்தாள். நிறுத்தினாள். கல்லாவில் கையூன்றி எட்டிப் பார்த்தாள். அப்புறம் வாய் பெரிதாகத் திறந்தது. டிவியில் சத்தமில்லை. என்ன செய்கிறாள் இவள் என்றுதான் ஹபீபுல்லா முதலில் நினைத்தார். அந்த அலறல் மாடிப்படி வழியாக ஏறி வந்து அவர் காதில் விழுந்த பிறகுதான் புரிந்தது.

இடுப்பை மறந்து இறங்கினார். ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவில் பானு சரிந்து கிடந்தாள். முக்காடு விலகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண் ரப்பையைத் தூக்கிப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். எப்போது விழுந்தார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று இந்தியில் கேட்டார்.  கால்மாட்டில் டிவியை வைத்துக்கொண்டு படுத்திருந்த மனிதர், அஸர் பாங்குக்குத்தான் விழித்தேன் என்றார்.

நெஞ்சடைப்பு என்றார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

கடை பூட்டிக் கிடந்தது. கேமராக்கள் பூட்டின கடையைப் பிடித்துக்கொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லாரும் ஹயாத்து அவ்வளவுதான், ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஹபீபுல்லா தலையாட்டினார். அவர் மனசில் ஒரு கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தக் கை எப்படி ஆடியது? போ என்றால் கவிழ்ந்த கை வெளியே உதறும். வா என்றாலும் அதே கவிழ்ந்த கைதான், விரல் மட்டும் உள்ளே மடங்கும். அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். போ என்று எடுத்துக்கொண்டார்.

ஷஃபானாவிடம் இதைச் சொல்ல அவருக்குப் பல நாள் ஆனது. சொன்னார். அவள் உடனே கோவிந்தராஜுக்கு போன் செய்தாள். பெட்டியில் பழையதை எடுத்துப் போட அவனுக்குத்தான் தெரியும்.

அவன் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்தான். ஏதோ அமுக்கினான். "இன்னும் அழியல பாய். அந்த நாள் இருக்குது." பிறகு அவனாகவே எழுந்தான். "இந்த பட்டன் அமுக்கினா ஓடும் பாப்பா. நான் வெளிய நிக்கறேன்."

ஹபீபுல்லா அவனை நன்றியோடு பார்த்தார். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

ஓட்டினார்கள். காலியான கல்லா. ஒரு ஈ. அப்புறம் கை வந்தது. ஓரத்தில் தெரிந்தது. அடுத்து இன்னொரு இடத்தில் தெரிந்தது. விரல் நீண்டிருந்தது, அடுத்து மடங்கியிருந்தது, அடுத்து நீண்டிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று பெட்டிக்குத் தெரியவில்லை. விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னது அவர்தான். கை கல்லா மேல் கொஞ்ச நேரம் படுத்திருந்தது. பிறகு இல்லை.

ஷஃபானா திரும்பவும் போட்டாள். திரும்பவும்.

"போங்கன்னுதான் அத்தா சொல்றாங்க" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை நிற்காமல், தடுக்காமல் சொன்னாள். "தூங்குங்கன்னு. டெய்லி சொல்ற மாதிரி."

ஹபீபுல்லா மகளைப் பார்த்தார். அவள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாம்மா. போங்கன்னுதான்" என்றார்.

கோவிந்தராஜை உள்ளே கூப்பிட்டார். அவன் தயங்கித் தயங்கி, வேண்டுமானால் இதை மட்டும் சிடியில் போட்டுத் தருகிறேன், இல்லாவிட்டால் தானாக அழிந்துவிடும் என்றான். ஷஃபானா அப்பாவின் வாயைப் பார்த்தாள். அந்த வீட்டில் பானுவின் படம் என்று ஒன்று கிடையாது. இந்தக் கை ஒன்றுதான்.

"வேண்டாம்ப்பா" என்றார் ஹபீபுல்லா. "அவளுக்குப் பிடிக்காது. அழிஞ்சுட்டுப் போகுது."

ஷஃபானா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து கடையைத் திறப்பதற்கு முன்னால் கோவிந்தராஜை மறுபடி வரச் சொன்னார். நாலாவது கேமரா மாட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவன் அகல லென்ஸோடு வந்தான்.

"அது இல்ல. தளத்துல ஓட்டை போடு. பெல்லு வயரை இழுத்துக் குடு."

"இப்ப எதுக்கு பாய்? மதியத்துல யாரு உக்காரப் போறாங்க?"

"போடுறா, சொல்றேன்ல."

அரை நாள் ஆகவில்லை, அதற்குள்ளேயே முடிந்துவிட்டது. தொங்கின வாளிகள், குக்கர்கள் எல்லாவற்றிலும் வெள்ளையாகத் தூசி படிந்தது. ஹபீபுல்லாவும் ஷஃபானாவும் ஒரு பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டினார்கள். பெரிய வேலையே இல்லை. மதியத்துக்குள் ஆகிவிட்டது. இடுப்பு கேட்கவில்லை, ஹபீபுல்லா மேலே போய்ப் படுத்தார். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கல்லா, கல்லாவின் முன்பக்கம். ஷஃபானா வாசலில் குப்பை வாரிக்கொண்டிருந்தாள். இடது ஓரத்தில் ஒன்றுமில்லை.

கீழே கோவிந்தராஜ் வேலை சரியாக இருக்கிறதா என்று ஸ்விட்சை அமுக்கிப் பார்த்தான்.

மேலே மணி அடித்தது.

ஹபீபுல்லா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று எழுந்துவிட்டார். படி வரைக்கும் வந்த பிறகுதான் நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். கீழே இருந்து கோவிந்தராஜ், "கேட்டுச்சா பாய்?" என்று கத்தினான்.

"கேட்டுச்சு" என்றார்.